பாதி திரும்பிய தேங்காய்

என் பீரோவின் தலைமேல் ஒரு பாதிக் கொட்டாங்குச்சி கவிழ்ந்து கிடக்கிறது. அதன் முதுகில் ஊதா மையில் அரைவட்டமாய் ஒரு முத்திரை. எழுத்துகள் நடுவில் அறுந்து நிற்கின்றன, சொல்ல வந்ததை முடிப்பதற்குள் பேருந்து ஏறிப் போய்விட்டவரைப் போல. முழுதாக இருந்த காலத்தில் அந்த முத்திரை, ‘தொழிற்கருவி, நாட்டைவிட்டுத் திரும்பக் கொண்டுபோகப்பட வேண்டும்’ என்று ஆங்கிலத்தில் கட்டளையிட்டது. பொங்கலுக்கு வீட்டை ஒதுங்கவைக்கும்போதெல்லாம் என் மனைவி அதைக் குப்பைக்கு அனுப்புவாள். நான் மீட்டு வருவேன். “பாஸ்போர்ட் வச்சிருக்கிற கொட்டாங்குச்சியாட்ட இப்பிடித் தாங்குறீங்களே” என்பாள். பாஸ்போர்ட் இல்லைதான். விசா இருந்தது.

அது என் சித்தப்பாவின் தேங்காய். அவர் அன்னூர் வட்டாரத்தில் தண்ணீர் பார்ப்பவர். உரித்த தேங்காயைக் குடுமியோடு உள்ளங்கையில் படுக்கவைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டுத் தோட்டத்தின் குறுக்கே நடப்பார். நீரோட்டம் இருக்கும் இடத்தில் தேங்காய், மாமனார் வீட்டில் தூங்கி எழும் புது மாப்பிள்ளை போல, மெல்லப் புரண்டு நிமிர்ந்து உட்காரும். அங்கே சுண்ணாம்பில் பெருக்கல் குறி போடுவார். என் சிறுவயதில் அந்தக் குறிகளெல்லாம் கிணறாகின, கிணறுகளெல்லாம் வாழைத்தோப்பாகின. தொண்ணூறுகள் வந்தபோது தண்ணீர் எங்களைவிட்டு இறங்கிப் போகத் தொடங்கியிருந்தது. முதலில் கயிற்றுக்கு எட்டவில்லை, பிறகு மோட்டாருக்கு எட்டவில்லை, பிறகு நம்பிக்கைக்கே எட்டவில்லை. ஊரில் முதலில் குடிபெயர்ந்தது மனிதர்கள் அல்ல, தண்ணீர்தான். நாங்கள் அதன் பின்னால் போனவர்கள்.

கடைசிக் குறி எங்கள் தோட்டத்தில் விழுந்தது. தேங்காய் அன்று துள்ளித்தான் எழுந்தது. எண்ணூறு அடி வரை போர் ஓட்டியும் வெள்ளைப் பொடிதான் பறந்து வந்து, வேடிக்கை பார்த்தவர்கள் தலையையெல்லாம் நரைக்க வைத்தது. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஊரே கேட்க ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். “தம்பி, உன்ற தேங்காயச் சட்னிக்கு ஆட்டியிருந்தா, இத்தன பேரும் ஆளுக்கு நாலு இட்லி தின்னிருப்போம்.” சிரிப்பு வரப்பு வரப்பாகத் தாண்டிப் பக்கத்து ஊருக்குப் போனது. சித்தப்பா தேங்காயை வேட்டி முந்தியில் துடைத்தார். “தண்ணி காட்டிப்போட்டுத்தானுங்கண்ணா இனி உங்க ஊட்ல கை நனைப்பேன்” என்றார். எங்கள் பக்கம் ஒருவர் வீட்டில் சாப்பிடுவதைக் கை நனைப்பது என்பார்கள். உறவு இருக்கிறதா, காய்ந்துவிட்டதா என்பதற்கு அதுதான் அளவுகோல். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு வரப்பு. அம்மா கறிக்குழம்பு கொடுத்தனுப்புவாள். தூக்குப்போசி போன வேகத்தில் நிறைந்தபடியே திரும்பி வரும். அப்பா அதைப் பார்த்துவிட்டு, பாதிச் சோற்றில் எழுந்துவிடுவார். மன்னிப்புக் கேட்கும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. பசியோடு எழும் வழக்கம் உண்டு.

அந்தச் சமயத்தில்தான் திருச்செங்கோட்டுப் பக்கத்து ரிக் முதலாளி ஒருவர் தான்சானியாவில் போர்வெல் போட இரண்டு வண்டிகளைக் கப்பலேற்றினார். ஆங்கிலம் படித்துவிட்டுக் கவிதை எழுதிக்கொண்டு சும்மா இருந்த என்னைக் காகித வேலைக்கு எடுத்துக்கொண்டார். சித்தப்பா தாமாகப் போய்க் கேட்டுச் சேர்ந்தார். அவருடைய விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். ‘பயணத்தின் காரணம்’ என்ற இடத்தில் பேனா நின்றது. “அண்ணஞ் சிரிச்சுதுன்னு எழுதிப்போடு கண்ணு” என்றார். நான் ‘வேலை’ என்று எழுதினேன். உலகத்துப் படிவங்களிலெல்லாம் இப்படித்தான் எழுதியிருக்கும் என்று பிறகு தோன்றியிருக்கிறது. மனிதர்களில் பாதிப்பேர் பசிக்குப் பயந்து கடல் தாண்டுகிறார்கள். மீதிப்பேர் பங்காளிகளுக்குப் பயந்து.

தாருஸ்ஸலாம் விமான நிலையத்தில், வெளிநாட்டிலிருந்து வரும் காய்கனி, விதைகளைச் சோதிக்க ஓர் அம்மையார் உட்கார்ந்திருந்தார். மூக்கு நுனியில் கண்ணாடி. சித்தப்பாவின் பையிலிருந்து தேங்காயை எடுத்து, குழந்தையின் காதைப் பிடிப்பது போலக் குடுமியைப் பிடித்துத் தூக்கினார். “எங்கள் கடற்கரை முழுக்கத் தென்னைதான். இதை எதற்கு அங்கிருந்து சுமந்து வருகிறீர்கள்?” நான் மொழிபெயர்த்தேன். “அவிய தேங்கா நல்ல தேங்காதானுங்க. ஆனா இது என்ற கைக்குப் பழகுன காயி. மேஸ்திரி கரண்டியத் தூக்கீட்டு வரமாட்டானுங்களா?” என்றார் சித்தப்பா. கருவி என்றால் வேலை செய்து காட்டச் சொன்னார் அம்மையார். சித்தப்பா செருப்பைக் கழற்றினார். வரிசையில் நின்ற வெள்ளைக்காரர்களும் வியாபாரிகளும் வழிவிட, வழவழத்த தரையில் வெறுங்காலோடு நடந்தார். தேங்காய் கழிப்பறை வாசலில் எழுந்து நின்றது. கூடமே சிரித்தது. “அங்கே குழாய் போகிறது” என்றார் அம்மையார். “அப்பொச் சரியாத்தானுங்களே சொல்லுது!” என்றார் சித்தப்பா. அம்மையார் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பேரேட்டில் தொழிற்கருவி என்று எழுதி, சீவி மழமழப்பாக்கிய அந்த ஓட்டில் ஓங்கி முத்திரை குத்தினார். போகும்போது கூடவே போய்விட வேண்டும் என்று எச்சரித்தார். சித்தப்பாவின் பாஸ்போர்ட்டிலும் ஏறக்குறைய அதே வாசகம்தான் இருந்தது.

எங்களுக்கு ஒதுக்கிய கிராமம் கடற்கரையிலிருந்து இரண்டு நாள் பயணம். செம்மண், முட்செடி, வானம். தென்னை என்ற மரத்தை அங்கே யாரும் பார்த்ததில்லை. எங்களுக்கு முன்னால் வந்த இரண்டு கூட்டத்தார் காய்ந்த துளைகளைப் போட்டுவிட்டுப் போயிருந்ததால், ஊர் எங்களைத் தூர நின்று பார்த்தது. தண்ணீர்க் குழுவின் தலைவி மட்டும் நாற்காலி போட்டு எதிரே அமர்ந்து விசாரித்தார். அவர் பேசியதை ஊர் வாத்தியார் ஆங்கிலமாக்க, நான் தமிழாக்குவேன். யார் மகன், எந்த ஊர், என்ன குலம், கூடப்பிறந்தவர் எத்தனை பேர்? “அன்னூர்ச் சந்தையில கேக்கற மாதிரியேல்ல கேக்குது இந்தம்மா!” என்று சித்தப்பா மகிழ்ந்துபோனார். கடைசிக் கேள்வி, ஏன் வந்தாய் என்பது. “எங்கூர்ல தண்ணி போயிருச்சுங்க. எங்கண்ணன் சிரிச்சுப்போட்டாருங்க” என்றார். நான் முதல் பாதியை மட்டும் சொல்லிப் பார்த்தேன். அவர் நீளமாகச் சொன்னதை நான் குட்டையாகச் சொல்கிறேன் என்று கண்டுபிடித்து, மீதியையும் வாங்கிவிட்டார் தலைவி. சொந்தத் தண்ணீரைத் தொலைத்தவன் நம் தண்ணீரைத் தேட வந்திருக்கிறான் என்று கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. தம் இளைய மகன் எல்லை தாண்டிச் சுரங்க வேலைக்குப் போய் வருடக்கணக்காகிறது என்றார். “அவனுக்கும் ஓர் அண்ணன் உண்டு.” பிறகு சோளமாவில் கிண்டிய களியும் கீரையும் வந்தன. சித்தப்பா குழி பறித்துக் கீரைச்சாற்றை ஊற்றி, எங்கள் ஊர்க் களியைத் தின்பதுபோலவே தின்றார். வரப்புக்கு அந்தப் பக்கம் நனையாத கை, ஒரு சமுத்திரத்துக்கு அந்தப் பக்கம் நனைந்தது.

மறுநாள் தேங்காய் ஓர் எறும்புப் புற்றருகே எழுந்தது. ரிக் வண்டி வந்து நின்றது, கம்ப்ரஸர் உறுமியது, ஆனால் துளை போடும் ஆளான டிரில்லர் வண்டியைவிட்டு இறங்கிவிட்டார். பூஜைக்குத் தேங்காய் இல்லை. கரையில் வாங்கி வந்த ஒரு மூட்டைக் காயையும் சமையல்காரர், ஊர் நினைப்பு வந்தபோதெல்லாம் சட்னியாக ஆட்டித் தீர்த்திருந்தார். “தேங்கா ஒடைக்காம பூமிக்குள்ள பிட்ட எறக்க மாட்டனுங்க” என்றார் டிரில்லர். எலுமிச்சை அறுக்கலாமே என்றேன். “அது டயருக்குங்க.” பூசணி? “அது கண்ணு பட்டதுக்குங்க. பூமிக்குத் தேங்காதானுங்க.” சொல்லிவிட்டு அவர் சித்தப்பாவின் கையைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தோம். சித்தப்பா தேங்காயை மார்போடு அணைத்துக்கொண்டார். நான் சட்டம் பேசினேன்: முத்திரை, பேரேடு, அம்மையார், அபராதம். தேங்காய் உடைந்துவிட்டால் இனி எந்த ஊரிலும் குறி போட முடியாது, இதுதான் கடைசிக் குறி என்பது மட்டும் நான் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்தது. தலைவி வாத்தியாரிடம் ஏதோ கேட்டார். காலியான குடங்களோடு பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். சித்தப்பா அவர்களைப் பார்த்தார், அந்தக் குடங்களைப் பார்த்தார், குடுமியைப் பிய்த்தார், கல்லில் ஓங்கி அடித்தார்.

இரண்டாகப் பிளந்தது, முத்திரைக்கு நடுவே. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. வருடக்கணக்கில் கையில் கிடந்து கொப்பரையாகச் சுருங்கியிருந்தது. டிரில்லரின் முகம் இருண்டது. சமையல்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சகுனத்துக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை, பெண்களும் முணுமுணுத்தார்கள். சித்தப்பா மட்டும் குனிந்து இரண்டு பாதிகளையும் பொறுக்கினார். “உள்ள இருந்ததெல்லாம் கீழ எறங்கீருச்சுங்க. ஓட்டுங்க வண்டிய!” என்றார். அந்தக் குரலுக்குப் பயந்துதான் டிரில்லர் ஏறினார் என்று நினைக்கிறேன்.

நூறு அடியில் பொடி. இருநூறில் பொடி, சித்தப்பாவின் புருவம் நரைத்தது. பிறகு உள்ளே இறங்கிய ராடு ஒருமுறை தடுமாறியது, புகை கறுத்தது, பொடி சேறானது, சேறு கலங்கலானது, கலங்கல் பனை உயரத்துக்கு எழுந்து எங்கள் எல்லோர் தலையிலும் விழுந்தது. ஊர் ஆடியது. டிரில்லர் ஆடினார். சித்தப்பா ஆடவில்லை, சேற்றுநீரில் வலக்கையை நீட்டி, சாப்பிடப் போகிறவர்போல மணிக்கட்டுவரை கழுவிக்கொண்டே நின்றார். தலைவி ஒரு பாதிக் கொட்டாங்குச்சியைக் கேட்காமலே எடுத்து, தண்ணீர் தெளிந்ததும் முதல் வாய் அதில் மொண்டு குடித்தார். திருப்பித் தரவில்லை. திருப்பிக் கேட்கச் சித்தப்பாவுக்கும் மனம் வரவில்லை.

ஊர் திரும்பும் நாளில் விமான நிலையத்தில் அந்த அம்மையார் இல்லை. கண்டிப்பான ஓர் இளைஞன் இருந்தான். பேரேட்டைப் புரட்டி, ஒரு தேங்காய் உள்ளே வந்திருக்கிறது, வெளியே போக வேண்டும் என்றான். பாதியை நீட்டினோம். மீதி? “அது அங்கயே தண்ணி மொண்டுட்டிருக்குதுங்க” என்றார் சித்தப்பா. நான் முழுக்கதையையும் சொன்னேன், பின்னால் வரிசை நீண்டது. கேட்டு முடித்து, யோசித்து, பேரேட்டில் ஒரு வரி எழுதிப் படித்துக் காட்டினான்: “பாதி திரும்பியது. பாதி குடியேறியது.”

அன்னூரில் பேருந்து இறங்கி, சித்தப்பா தம் வீட்டுக்குப் போகாமல் எங்கள் வாசலில் வந்து நின்றார். கொட்டாங்குச்சியை அப்பாவிடம் நீட்டினார். அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். “மீதியச் சட்னிக்கு ஆட்டியாச்சாக்கும்” என்றார். குரல் மட்டும் உடைந்திருந்தது. இந்தமுறை முதலில் சிரித்தது சித்தப்பாதான். அப்பா தாமே சொம்பை எடுத்து, தம்பியின் கையில் தண்ணீர் ஊற்றினார். அது அன்று காலை லாரியில் வாங்கிய தண்ணீர். எங்கள் தோட்டத்தின் அடியில் இன்றும் ஒன்றுமில்லை.

இப்போது நான் கோவையில் இருக்கிறேன். மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறேன். போன மாதம் பொறியியல் படிக்கும் இரண்டு பையன்கள் வந்து கேட்டார்கள்; ஆப்பிரிக்கக் கண்டத்தின் ஏதோ ஒரு மூலையிலிருந்து, நான் பார்த்திராத நாட்டிலிருந்து. அவர்கள் இருக்கும்போதே எங்கள் தெருச் சங்கத்தின் செயலாளர் வந்துவிட்டார். எந்த நாடு, யார் பிள்ளைகள், என்ன சாப்பிடுவார்கள் என்று கேட்டார். களி போட்ட அந்தத் தலைவி அன்று கேட்டதுபோன்ற கேள்விகள்தான். இவர் மட்டும் சாப்பாடு எதுவும் போடுவதாக இல்லை. பையன்கள் கூடத்தின் ஓரத்தில், செருப்பைக் கழற்றிவிட்டு, நின்றுகொண்டிருந்தார்கள். “எல்லாம் சரிங்க, படிச்சு முடிச்சதும் திரும்பிப் போயிருவாங்கல்லங்க?” என்றார் கடைசியாக.

நான் பீரோவின் தலையைப் பார்த்தேன்.

“பாதி போகுமுங்க” என்றேன்.

அவர் மீதியைப் பற்றிக் கேட்க வாயெடுப்பதற்குள் என் மனைவி உள்ளேயிருந்து சொம்பும் தண்ணீருமாக வந்து, அந்தப் பையன்களிடம், “ஏனுங் கண்ணு நிக்கறீங்க, கை நனைச்சுட்டுப் போங்க” என்றாள். அவர்களுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. கையை நீட்டினார்கள்.