ஊறுகாய் மேல் போட்ட பழி

என் வீட்டுக்காரருக்கு மூன்று மாத்திரை போட்டும் பிபி இறங்கவில்லை. சித்தூர் மாங்காய் மண்டியில் எடை போடுகிற மனிதர். பீடி பிடிப்பார். பீடியை நான் கண்டுகொள்ளவில்லை. என் கண்ணெல்லாம் ஊறுகாய் ஜாடி மேல்தான். உப்பைக் குறைத்துச் சமைத்துப் போட்டும் இறங்கவில்லையென்றால், திருட்டுத்தனமாக எதையோ தின்கிறார் என்றுதானே அர்த்தம்? ஜாடியைத் தூக்கிப் பரண் மேல் வைத்தேன். அப்போதும் இறங்கவில்லை. இரண்டு வருஷம் வீட்டில் இதே பாட்டுதான்.

"மண்டியில யார் சோத்துல கை வெச்ச? உண்மைய சொல்லு."

"சாமி சத்தியமா துன்னல மே."

நான் நம்பவேயில்லை.

எனக்கும் பிபி உண்டு. ஒரே ஒரு மாத்திரையில் அது அடங்கிக் கிடந்தது. எங்கள் தெருவில் உறைமோர் கேட்டு வருவதுபோல மாத்திரையும் கேட்டு வருவார்கள். யாரும் தப்பாக நினைப்பதில்லை. அப்படியிருக்க, கட்டிய புருஷனுக்குக் கொடுத்தால் என்ன வந்தது? டாக்டரைக் கேட்காமலே, அவருடைய மூன்றோடு என்னுடையதிலும் ஒன்றைச் சேர்த்துக் காலையில் கையில் வைத்தேன்.

"இன்னாத்துக்கு நாலு?"

"போட்டுக்க, பேசாத."

போட்டுக்கொண்டார்.

பத்து நாளில் கால் வீங்கியது. சிறுநீரும் குறைந்திருக்கிறது, அதை என்னிடம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர், மூச்சு முட்டி எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டார். ஆம்புலன்ஸில் திருப்பதிக்குக் கொண்டுபோனோம். வழியில் பாகாலா ஊர் தாண்டியும் என் கையை விடவில்லை.

நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது, கிட்னி நின்றுவிட்டது, டயாலிசிஸ் செய்ய வேண்டிவரும் என்றார் அங்கிருந்த டாக்டரம்மா. சித்தூர் டாக்டர் எழுதிய மருந்துச் சீட்டைப் பார்த்துக்கொண்டே தெலுங்கில் கேட்டார்: இந்த மூன்றைத் தவிர வேறு மாத்திரை ஏதாவது? இவர் ஆக்சிஜன் மாஸ்க்கோடு இல்லையென்று தலையாட்டினார். ஆட்டிவிட்டு என்னைப் பார்த்தார். என்னை யாரும் திட்டிவிடக் கூடாதாம். அந்த நிலைமையிலும்!

நான் வாயைத் திறக்கவில்லை. எழுதவே வெட்கமாக இருக்கிறது. டாக்டரம்மா அடுத்த கட்டிலைப் பார்த்துவிட்டு வரும்வரை அப்படியே நின்றேன். அப்புறம்தான் பையிலிருந்த என் மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினேன்.

"நான்தாம்மா குடுத்தேன். பத்து நாளா."

அட்டையைத் திருப்பிப் பார்த்தவர் என்னைத் திட்டவில்லை. உடனே ஸ்கேனுக்கு எழுதினார்.

கிட்னிக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் இரண்டுமே சுருங்கிப் போயிருந்தன. ரத்தம் போதாத கிட்னி, உடம்பில்தான் அழுத்தம் குறைந்துவிட்டது என்று எண்ணி ஏற்றிக்கொண்டே இருக்குமாம். அதனால்தான் பிபி இறங்கவில்லை. அந்தப் பாரமெல்லாம் இதயத்தின் தலையில் விழுகிறது. என்னுடையது பலருக்கு நல்ல மாத்திரைதான். ஆனால் இரண்டு பக்கமும் அடைத்தவருக்கு, கிட்னி பிடித்துக்கொண்டிருந்த கடைசிப் பிடியையும் அது தட்டிவிட்டது. குழாயில் கொழுப்பு படிய பீடியும் ஒரு காரணம், இதயத்தின் குழாய்களையும் பார்க்க வேண்டும் என்றார். பீடியை விட்டுவிட்டு ஊறுகாயைத் துரத்தியிருக்கிறேன். அது போதாதென்று என் கையாலேயே, குடிக்கத் தண்ணீரும் கொடுத்து, பத்து நாள்!

அந்த மாத்திரையை நிறுத்தினார்கள். நுரையீரல் நீரை இறக்க ஊசி போட்டார்கள். கட்டிலோரம் தொங்கவிட்ட பையில் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் இறங்குவதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் பை நிறைந்தது. டயாலிசிஸ் இப்போதைக்கு வேண்டாம் என்றார்கள். மாஸ்க்கை எடுத்ததும் நான் அழுதுகொண்டே, "ஏன்யா இல்லன்னு தலைய ஆட்டின?" என்று கேட்டேன்.

அவர் மூச்சை இழுத்து நிதானமாகக் கேட்டார்:

"நான் ஊறுகா துன்னலன்னு இப்பனாச்சும் நம்புறியா மே?"