கிருஷாந்தியின் பொம்மைகள் கும்பிடுவதில்லை

கிருஷாந்தி தைக்கும் பொம்மையைக் கையில் எடுக்கிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "இது ஏன் இப்புடி மொறைக்குது?" முறைக்கவெல்லாம் இல்லை. தேயிலைக் கொழுந்துக் கூடையைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, இடுப்பில் ஒரு கையை ஊன்றி நிமிர்ந்து நிற்கிறது, அவ்வளவுதான். தோட்டத்துப் பெண் நிமிர்ந்து நின்றாலே முறைப்பதாகத் தெரிந்தால் அதற்குப் பொம்மை என்ன செய்யும்? இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது.

நான் அப்புத்தளைக்குக் கீழே ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறேன். கிருஷாந்தி கட்டித் தரும் மத்தியானச் சோற்றுப் பார்சலைத் தின்றே உடம்பு வளர்த்தவள். ஆகவே நான் அவள் கட்சி. நடுநிலையாகச் சொல்லும் ஆள் வேண்டுமென்றால் வேறு இடம் பாருங்கள்.

பள்ளிக்கூடத்துக்கு மேலேயுள்ள லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், அவளும் தாய் தனலெட்சுமியும் இருக்கிறார்கள். கிருஷாந்தியின் கணவனுக்குக் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. தீபாவளிக்கு அவன் வருவான்; சில தீபாவளிக்கு அவனுடைய போன் மட்டும் வரும். தாயைப் போலவே கிருஷாந்தியும் முன்பு மலையில் கொழுந்து பறித்தவள்தான். ஒரு நாள் விடியற்காலை முதல் மழையில் நனைந்து பறித்தது நிறுவையில் கொஞ்சம் குறைந்துவிட்டது என்று கணக்கப்பிள்ளை அவளுக்கு அரைப் பேர் போட்டான். பேர் போடுவது என்றால் அன்றைய வேலையைக் கணக்கில் ஏற்றுவது. அரைப் பேர் என்றால் நீ பாதி நாள் வேலையே செய்யவில்லை என்று அர்த்தம்.

"நனைஞ்சது முழு ஆளு. பேரு மட்டும் அரையா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள்.

"இஷ்டமில்லன்னா வீட்டுல இரு" என்றான் அவன்.

அவள் வீட்டிலேயே இருந்துவிட்டாள். மறுநாள் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகவில்லை, அதற்கடுத்த நாளும் போகவில்லை. "பேர் போடுங்கன்னு என் காலடியில வந்து நிப்பா, பாத்துக்கிட்டே இருங்க" என்று கணக்கப்பிள்ளை லயம் லயமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான். அந்தப் பேச்சு பலித்துவிடக் கூடாது. அன்றிலிருந்து கிருஷாந்தியின் பிழைப்பு முழுவதும் அதுதான்.

முதலில் பள்ளிக்கூட ஆசிரியர்கள் எங்களுக்குச் சோறு கட்டினாள். பிறகு பதுளைத் தையல் கடைகளில் மிஞ்சும் வெட்டுத் துணியை மூட்டையாக வாங்கி வந்து பொம்மை தைக்கத் தொடங்கினாள். இருப்பது ஒரே அறை. காலையில் அது சமைக்கும் குசினி. பார்சல் போனதும் தரையைத் துடைத்துப் பாயை விரித்தால் அதுவே பட்டறை. இதில் ஒரு சங்கடம். முதல் முதலாகத் தைத்த பொம்மைகளை ஸ்டேஷனடியில் கடை வைத்திருக்கும் ஸலீம் நானாவிடம் கொடுத்தபோது அவர் ஒன்றை எடுத்து மோந்து பார்த்துவிட்டு, "புள்ள, உள்ளுக்கு என்ன வச்சுத் தச்சிருக்க, நெத்தலியா?" என்று கேட்டிருக்கிறார். அதிலிருந்து கருவாடு பொரிக்கும் நாளில் பொம்மைகள் எல்லாம் பையில் கட்டப்பட்டுப் பக்கத்து வீட்டுக்கு விருந்தாளியாகப் போய்விடும்.

அப்புத்தளையில் கெஸ்ட்ஹவுஸ் நடத்தும் தினேஸ் அவளுடைய தேங்காய் ரொட்டியையும் கட்டச் சம்பலையும் காலைச் சாப்பாட்டுக்குத் தினமும் எடுக்கத் தொடங்கியதும் அவளுக்கு மூச்சு விட முடிந்தது. தினேஸ் பதுளையில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை. கெட்டவனில்லை. கெட்டவனாக இருந்திருந்தால் திட்டுவதற்கு எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

போன மார்கழிக்குக் கொஞ்சம் முன்னால் அவனே லயத்துக்கு வந்தான். வெள்ளைக்காரர்கள் வரும் காலம் தொடங்குகிறது, அறைக்கு ஒரு பொம்மை வேண்டும், விற்பதற்குத் தனியாக வேண்டும் என்றான். தனலெட்சுமி அவசர அவசரமாகத் தேத்தண்ணி ஊற்றினார். அவன் போனில் ஒரு படத்தைக் காட்டினான். முதுகு வளைந்து, கை கூப்பி, பல் தெரியச் சிரிக்கும் கொழுந்துக்காரி.

"இப்புடித் தைங்க அக்கா. வர்றவங்கள வணக்கம் சொல்லி வரவேற்கிற மாதிரி."

"கொழுந்து எடுக்கிறவளுக்கு ரெண்டு கையும் வேலையில இருக்குமே தம்பி. எந்தக் கையால கும்புடுவா?"

"அது சும்மா அழகுக்கு."

"யாருக்கு அழகு?"

தினேஸ் சிரித்துச் சமாளித்தான். "என்னக்கா, பொம்மைதானே."

"பொம்மைதான். ஆனா நான் எங்கம்மாவ நெனச்சுத்தான் தைக்கிறேன். எங்கம்மாவ ரூமுக்கு ஒண்ணா நிக்க வச்சு, வர்றவன் போறவன எல்லாம் கும்புட வைக்க மாட்டேன்."

அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. தன்னிடம் சாப்பாடு விற்கிறவள் இப்படிப் பேசுவாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. "அப்ப ரொட்டியும் வேணாம். ரெண்டும் சேந்துதான்" என்றான்.

"சரி, வேணாம்" என்றாள் கிருஷாந்தி.

அவன் படியிறங்கிப் போனதும் தாய் பிடித்துக்கொண்டார். "ரெண்டு கையையும் சேத்து ஒரு தையல் போட்டா என்னடி கொறைஞ்சிரும்? கொழுப்பு உனக்கு!" அந்தக் கிழமை முழுக்க வீட்டில் இதே பாட்டுத்தான்.

ரொட்டி நின்றது. பின்னாலேயே பள்ளிக்கூட விடுமுறை வந்து சோற்றுப் பார்சலும் நின்றது. டவுனில் தங்கியிருக்கும் நான் மட்டும் ஏதாவது சாக்குச் சொல்லி ஏறிப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவேன். ஒரு வாய் எத்தனை பார்சலைத் தின்னும்? ஸலீம் நானாவின் கடையிலும் விலைபோகாமல் பொம்மைகள் பையோடு சுவரில் தொங்கின. கணக்கப்பிள்ளை அந்தப் பக்கமாகப் போகும்போதெல்லாம் வேண்டுமென்றே இருமினான். அந்த இருமலைக் கேட்கும்போது எனக்கு வந்த ஆத்திரத்தை எழுதினால் ஆசிரியை எழுதியது என்று யாரும் நம்பமாட்டார்கள்.

கடைசியில் தனலெட்சுமி மகளுக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்தார். கொழுந்து நிறுக்கும் இடத்தில், எல்லாரும் கூடையோடு நிற்கும்போது, கணக்கப்பிள்ளை முன்னால் போய்க் கை கூப்பி நின்றார். "எம் மகளுக்குப் பேர் போடுங்கய்யா" என்று கேட்டார். அவன் தராசிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னான்: "நீ கும்புட்டா ஆச்சா? அவ வந்து கும்புடட்டும்."

வீட்டுக்கு வந்து மகளிடம் அப்படியே சொன்னார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. மகள் பாயை விரித்து, மூட்டையைக் கொட்டி, வாங்க ஆளில்லாத இன்னொரு பொம்மையைத் தைக்கத் தொடங்கினாள். அதுவும் இடுப்பில் கை வைத்துத்தான் நின்றது.

அடுத்த கிழமை நான் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தினேஸ் வந்தான். வாசலிலேயே நின்றான். அவனுடைய சமையல்காரன் சுடும் ரொட்டியை வைத்துச் சுவரில் ஆணி அடிக்கலாமாம். முன்பு தங்கிப் போனவர்கள் கிருஷாந்தியின் ரொட்டியைப் புகழ்ந்து இன்டர்நெட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு வருகிறவர்கள் எல்லாம் அந்த ரொட்டி எங்கே என்று கேட்டு அவன் உயிரை வாங்குகிறார்களாம்.

"நாளையிலருந்து ரொட்டி அனுப்புங்க அக்கா. பொம்மப் பேச்ச விட்டுருவோம்."

"எப்புடி விடுறது? ரெண்டும் சேந்துதான்னு நீங்கதானே சொன்னீங்க" என்றாள் கிருஷாந்தி, அடுப்பில் காய்ந்த தேயிலை மிலாறுக் குச்சியைத் தள்ளிக்கொண்டே. "ரொட்டி வந்தா பொம்மையும் வரும். ரூமுக்கு ஒண்ணு. இப்புடியேதான் நிக்கும்."

நான் தட்டைக் கீழே வைத்தேன். வேண்டாம் என்று அவன் திரும்பிப் போய்விட்டால் அவளுக்கு மிச்சமிருப்பது பெரட்டுத்தான்.  தினேஸ் உள்ளே எட்டிப் பார்த்து தனலெட்சுமியைத் துணைக்குக் கூப்பிட்டான்.

"பெரியம்மா, நீங்களாச்சும் சொல்லுங்க. எல்லாம் வேணாம், வாசல்ல வைக்க ஒண்ணே ஒண்ணு கை கூப்பி இருந்தாப் போதும்."

தனலெட்சுமி சம்பல் அரைத்த கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தார். மகளைப் பார்க்கவில்லை. அவனைத்தான் நேராகப் பார்த்தார்.

"நான் காலம் பூரா கும்புட்டவ தம்பி. போன கெழமகூடக் கும்புட்டேன். ஒண்ணும் கெடைக்கல. ரொட்டி எத்தன வேணும்னு மட்டும் சொல்லுங்க."