மகாவுக்கு வந்த நாடு

வித்யாலட்சுமியின் மூக்கைத் தாண்டி எதுவும் அந்த கேன்டீனுக்குள் போனதில்லை. ஹெப்பகோடியில் ஒரு கம்பெனியின் சமையல்கட்டுக்கு அவள்தான் சூப்பர்வைசர். பால், எண்ணெய், மல்லித்தழை என்று எது வந்தாலும் மோந்து பார்த்த பிறகுதான் உள்ளே விடுவாள். வீட்டிலும் வெளியிலும் அந்த மூக்கு ஓய்வதில்லை. பக்கத்து வீட்டுப் பலகாரம், ஆட்டோ சீட், லாட்ஜ் தலையணை, எல்லாவற்றின் மேலும் சந்தேகம்தான். ஆம்பூரிலிருந்து வந்த புதிதில் கெட்டுப்போன தயிரைத் தின்று ஆஸ்பத்திரியில் கிடந்தவள் அவள். குறை சொல்லவும் முடியாது.

மகள் மகாவுக்கு நான்கு வயது. அவளுடைய நர்சரியில் உலக உடை நாள் என்று ஒன்று வந்தது. பிள்ளைக்கு ஒரு நாடு. அந்த நாட்டு உடையைப் பிரேசர் டவுன் வாடகைக் கடையிலிருந்து பள்ளிக்கூடமே வரவழைக்கும். பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஸ்காட்லாந்து, மாடி வீட்டுப் பெண்ணுக்கு மெக்சிகோ. மகாவுக்கு மட்டும் இந்தியா. வீட்டில் இருக்கும் பட்டுப் பாவாடையே போதும் என்று வகுப்பு டீச்சர் பெர்னதெத் மிஸ் சொல்லியனுப்பியிருந்தாள்.

வித்யாவுக்குச் சுருக்கென்றது. கேன்டீன்காரி பெண்ணுக்கு இது போதும் என்று நினைத்துவிட்டார்களா? இந்தியாவும் உலகத்தில்தானே இருக்கிறது என்றான் கணவன் அர்ஜுனன். அவனையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

விழாவன்று லீவு போட்டுவிட்டுச் சீக்கிரமே போனாள். வகுப்பறை மூலையில் வாடகைக் கடைப் பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே ஒரே ஒரு உடை மிச்சம். இளநீல கிமோனோ, மகாவின் அளவுக்கே தைத்த மாதிரி. நான் நினைத்தது சரிதான் என்று வித்யா கொதித்துப் போனாள். பெர்னதெத் மிஸ்ஸை மடக்கி, இது யாருக்கு வந்தது, ஏன் சும்மா கிடக்கிறது என்று கேட்டாள்.

மிஸ் கொஞ்சம் தயங்கினாள்.

"மகாவுக்குத்தான் வந்துச்சு மேடம். போன வாரம் அளவு பாக்கும்போது மோந்து பாத்துட்டு, 'யாரு போட்டுக் கழட்டுனதோ, என்ன சீக்கோ'ன்னு ஒரே அழுகை. அதனாலதான் இந்தியா குடுத்தோம்."

அது வித்யாவின் வாயில் தினமும் வரும் வார்த்தை. அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. மற்ற பிள்ளைகள் ஒருவர் தொப்பியை ஒருவர் மாட்டிக்கொண்டு கூத்தடித்துக் கொண்டிருந்தார்கள். மகா மட்டும் யாரும் தொட்டுவிடாதபடி பாவாடையை இழுத்துப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

கிமோனோவை எடுத்துக்கொண்டு போய் மகளின் முன்னால் உட்கார்ந்தாள். ஜப்பான் பிள்ளைகள் விசேஷத்துக்கு இதைத்தான் போடுவார்களாம், போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாள்.

மகா அம்மாவின் முகத்தையே பார்த்தாள்.

"நீ மோந்து பாத்தியாம்மா?"

வித்யா மோந்தே பார்க்கவில்லை.

"பாத்தேன்டி கண்ணு. நல்லாத்தான் இருக்கு."

மகா பாவாடையை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் நீட்டினாள்.