பாக்கியநாதன் செய்யாத பாவங்கள்

முதலிபாளையம் பக்கம் கிறிஸ்தவச் சபைக்குப் போகிறவர்களிடம் பனியன் கம்பெனி கட்டிங் மாஸ்டர் பாக்கியநாதனைத் தெரியுமா என்று கேட்டால், "பெருங்குடிகாரரா இருந்து திருந்துனாரே, அவருங்களா?" என்பார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் சேவல்கட்டுச் சூதாட்டத்தையும் சேர்த்துக்கொள்வார்கள். வெள்ளகோவில் ஆட்களைக் கேட்டால் ஒரு கத்திக்குத்தும் உண்டு. பாக்கியநாதன் தன் ஆயுசில் குத்தியது பல்லைத்தான், அதுவும் கறி தின்ற பிறகு வேப்பங்குச்சியால்.

அவர் குடித்தது ஒரே ஒரு முறை. இளவட்டமாக இருந்தபோது கூட்டாளிகள் வற்புறுத்தி ஒரு வாய் கள்ளை ஊற்ற, அது போன வேகத்தில் திரும்பி வந்து தாய்மாமன் வேட்டியில் விழுந்தது. அதோடு சரி. சேவல் என்றால் குழம்பில் கிடக்கிற சேவல்தான் பழக்கம். முதலாளி சரவணக்குமார் கொஞ்சம் சத்தமாகத் தும்மினாலே எழுந்து நின்றுவிடுகிற பரமசாது. இப்பேர்ப்பட்ட மனுசன் செய்யாத பாவத்தையெல்லாம் மைக் பிடித்துச் சொல்லிக்கொண்டு எதற்குத் திரிந்தார் என்றால், செய்த பாவம் ஒன்று இருந்தது. அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

பனியன் துணிக்கு ஒரு குணம் உண்டு. மிஷினில் இழுத்துச் சுருட்டி ரோலாக வருகிற துணியை வந்த கையோடு வெட்டக் கூடாது. பிரித்து, உதறி, ஒரு நாளாவது தளர்வாக ஆறப் போட வேண்டும். இழுபட்டதெல்லாம் அடங்கித் தன் அளவுக்கு வந்த பிறகுதான் கத்தி வைக்கலாம். திருப்பூரில் நேற்று வேலைக்குச் சேர்ந்தவனுக்கும் இது தெரியும். பாக்கியநாதனுக்குத் தெரியாமலா? ஆனால் துணி வந்த அன்றைக்கு அவர் வெள்ளகோவிலில் மச்சினி மகள் சீர் விருந்தில் இருந்தார். பந்தியில் இரண்டாம் முறை உட்கார்ந்தபோது ரோல் ஞாபகம் வந்தது. ஆனால் இலையில் கறியும் வந்துவிட்டது. மறுநாள் காலையில் வந்து பிரித்த சூட்டோடு வெட்டினார். தைத்து, அயர்ன் செய்து அளந்து பார்த்தால் டீ ஷர்ட் எல்லாம் சுருங்கிப்போய், தாட்டியான ஆளுக்கென்று தைத்தது தொப்புளுக்கு மேலே நின்றது. ஷிப்மென்ட் போகவில்லை.

"துணியை ஆறப் போட்டீங்களா மாஸ்டர்?" என்று சரவணக்குமார் கத்தினார்.

"போட்டனுங்க," என்றார் பாக்கியநாதன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அயர்ன்ல ஸ்டீம் ஜாஸ்தியாப் போச்சுங்களாட்டத் தெரியுது," என்றும் சேர்த்தார்.

அயர்ன் மாஸ்டர் ஆத்தப்பன் அவருடைய உயிர்ச் சிநேகிதர். ஒரே டிபன் பாக்ஸில் கை போட்டுச் சாப்பிடுகிறவர்கள். "நான் எப்பவும் போடற ஸ்டீமுதானுங்க போட்டேன்," என்று ஆத்தப்பன் சொன்னதைக் கேட்க ஆள் இல்லை. அன்று மதியமே அவரை அனுப்பிவிட்டார்கள். துணியைச் சுருக்கினவன் என்ற பேர் வந்தபின் வேறு கம்பெனியிலும் சேர்க்கவில்லை. சொந்த ஊரான ஊத்துக்குளிக்கே போய் எருமை வாங்கிக் கட்டிக்கொண்டார்.

பாக்கியநாதன் கல்நெஞ்சர் இல்லை. அடுத்த ஞாயிறே, சபையில் அவரவர் திருந்திய கதையை எழுந்து சாட்சி சொல்லும் நேரத்தில், நடந்ததைச் சொல்லிவிடுவது என்று எழுந்தார். "நான் மகா பாவிங்க," என்று ஆரம்பித்தார். சபை நிமிர்ந்து உட்கார்ந்தது. முன்வரிசையில் அவர் கம்பெனி டெய்லர்கள் இரண்டு பேர் இருந்ததை அப்போதுதான் பார்த்தார். நாக்கு ஒட்டிக்கொண்டது. மகா பாவி என்று சொல்லியாயிற்று, கையில் பாவம் இல்லாமல் எப்படி உட்காருவது? "குடிச்சனுங்க!" என்றார். ஷீட் கூரை அதிர ஸ்தோத்திரம் எழுந்தது. அந்தச் சத்தத்தில் அவருக்கே அழுகை வந்துவிட்டது. அழுதார். எல்லோரும் அழுதார்கள்.

பெண்கள் பக்கம் அவர் மனைவி ஜீவரத்தினம் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். கூட்டம் முடிந்ததும் அவளைச் சுற்றிக்கொண்டு, "எப்படித்தான் சமாளிச்சீங்களோ, பாவம்!" என்று உச்சுக்கொட்டினார்கள். வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்:

"ஏனுங்க, நீங்க எப்பங்க குடிச்சீங்க? எனக்குத் தெரியாம எங்கீங்க போனீங்க?"

"அதெல்லாம் ஒரு இதுக்குச் சொல்றதுதான்," என்றார்.

பொய்யும் கறிக்குழம்பும் ஒன்று, இரண்டாம் நாள்தான் ருசி கூடும். பக்கத்துச் சபைகளிலிருந்து சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். போன ஊரிலெல்லாம் மாலை, மேடை, சாப்பாடு. சொன்னதையே சொன்னால் சலிக்குமே என்று ஊருக்கு ஒன்றாகப் பாவம் சேர்ந்தது. சேவல்கட்டு சேர்ந்தது. சீட்டாட்டம் சேர்ந்தது. ஒரு எழுப்புதல் கூட்டத்தில் ஆர்வக்கோளாறில் ஜீவரத்தினத்தை அடித்ததாகச் சொல்லிவிட்டு, அன்று வீட்டுக்கு வந்து அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அவர் வீட்டில் அடிதடிக்கு மிக அருகில் வந்தது அன்றைக்குத்தான்.

படுக்கப்போகும் முன் முழங்காலில் நிற்கும்போது மட்டும் மனசு குறுகுறுக்கும். "என் எல்லாப் பாவங்களையும் மன்னியும் ஆண்டவரே," என்று மொத்தமாக வேண்டிக்கொள்வார். நல்ல பீஸுக்கு நடுவே டேமேஜ் பீஸைச் செருகிப் பெட்டியை ஒட்டி அனுப்புவார்களே, அந்த மாதிரி. ஆண்டவர் என்ன, பெட்டியைப் பிரித்துப் பார்க்காமல் சரக்கு வாங்குகிற பையரா? ஆனாலும் வருசக்கணக்காக அப்படியே அனுப்பிக்கொண்டிருந்தார்.

அவரை மாட்டிவிட்டது ஓர் உண்மையான குடிகாரன். பேர் வீரணன், தேனிப் பக்கத்திலிருந்து வந்து பேக்கிங்கில் வேலை பார்த்தவன். பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்ட ஆற்றாமையில் ஒரு கூட்டத்துக்கு வந்து, பாக்கியநாதன் சாட்சியைக் கேட்டு உருகிப்போய், மறுநாள் டீ நேரத்தில் கட்டிங் டேபிளுக்கே வந்துவிட்டான்.

"அண்ணே, நானும் விட்டுரணும்ணே. மொத நாளு கையெல்லாம் உதறுமே, அதுக்கு நீங்க என்னண்ணே செஞ்சீங்க?"

பாக்கியநாதன் விழித்தார். "ஜெபம் பண்ணுனேன்," என்றார்.

"அது சரிண்ணே. தூக்கம் வராதே, என்ன செஞ்சீங்க? சாயந்தரமானா கடை இருக்கிற தெருவுக்குக் கால் தன்னால போகுமே, எப்படிண்ணே திருப்புனீங்க? இத்தனை தடவ தோத்துட்டேன். செஞ்சு காட்டுன ஆளு நீங்க ஒருத்தர்தாண்ணே. சொல்லிக் குடுங்க, எம்புள்ளய நான் பாக்கணும்."

அவன் கை நிஜமாகவே நடுங்கிக்கொண்டிருந்தது. டீ கிளாஸ் மேஜையில் தட்டிச் சத்தம் போட்டது. பாக்கியநாதனுக்கு எதையாவது அடித்துவிட வாய் திறந்தது. திறந்த வாய் அப்படியே நின்றது. மேடையில் கைதட்டலுக்குப் பொய் சொல்லலாம். பிள்ளையைப் பார்க்கத் தவிக்கிறவனிடம் பொய் மருந்து கொடுக்கலாமா?

"வீரணா, நான் குடிகாரனா இருந்ததே இல்லீடா," என்றார் மெதுவாக. "சேவல்கட்டு, கத்திக்குத்து, ஒண்ணுமே இல்ல. எல்லாம் சும்மா."

வீரணன் கோபப்படுவான் என்று நினைத்தார். அவனுக்கோ நிஜமாகவே விளங்கவில்லை.

"அப்ப, ஆண்டவரு உங்களுக்கு எதைத்தாண்ணே மன்னிச்சாரு?"

கேட்டுவிட்டு கிளாஸை வைத்துவிட்டுப் போய்விட்டான். பாக்கியநாதன் கத்தியைக் கையில் எடுத்தார், வைத்தார், மறுபடியும் எடுத்தார். அன்றைக்கு ஒரு லேயர்கூட அவரால் வெட்ட முடியவில்லை. அவன் கேட்டது சரிதானே. செய்யாததைச் சொல்லி மன்னிப்பு வாங்கினால் அது எந்தக் கணக்கு? செய்தது அப்படியே இருக்கிறது, மன்னிப்பும் செய்யாத பாவத்தின் பக்கமே நிற்கிறது.

சாயங்காலம் பாஸ்டர் வீட்டுக்குப் போனார். பாஸ்டர் தென்காசிக்காரர், அதிகம் பேசமாட்டார். முழுதையும் கேட்டுவிட்டு முதலில் வீரணனைப் பற்றித்தான் விசாரித்தார். அவனைக் கோயம்புத்தூரில் டாக்டரிடம் தானே கூட்டிப்போவதாகச் சொன்னார். அந்த வாரமே கூட்டியும் போனார்.

"என் விசயங்க பாஸ்டர்?" என்றார் பாக்கியநாதன். "ஆண்டவர் மன்னிப்பாருங்களா?"

"மன்னிப்பார். அதுல சந்தேகமே வேண்டாம், நீங்க கேக்கதுக்கு முந்தியே அவர் ரெடி. ஆனா அவர்கிட்ட போற வழியில ஊத்துக்குளி இருக்கு, பாத்துக்கிடுங்க."

மறுநாள் முதலில் முதலாளி அறைக்குப் போனார். வேலை போனாலும் போகட்டும் என்று ஜீவரத்தினத்திடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார். சரவணக்குமார் போனில் யாரிடமோ நூல் விலைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். பாக்கியநாதன் நின்றுகொண்டே சொல்லி முடித்தார். முதலாளி போனைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டார்:

"எந்த ஆத்தப்பனுங்க?"

"நம்ம அயர்ன் மாஸ்டருங்க. நீங்க வேலைய உட்டு நிறுத்துனீங்களே."

"ஓ, அதுங்களா. அந்த பையரே இப்ப இல்லீங்களே மாஸ்டர். சரி, இனிமே பாத்துப் பண்ணுங்க. புது லாட் வந்திருக்குது, போய் ஆறப் போடுங்க." மறுபடி நூல் விலைக்குப் போய்விட்டார்.

பாக்கியநாதனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இந்த மனுசனுக்குப் பயந்துதான் இத்தனை வருசம் வாயைத் தைத்துக்கொண்டிருந்தார். அவருக்கோ ஆத்தப்பன் என்ற பேரே மறந்துவிட்டது. அப்படியானால் அந்தப் பழியைச் சுமந்துகொண்டிருப்பது ஊத்துக்குளியில் ஒரே ஒரு ஆள்தான்.

சனிக்கிழமை மதியத்துக்கு மேல் டி.வி.எஸ்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வழியெல்லாம் ஒத்திகை. போய்ச் சேர்ந்தபோது ஆத்தப்பன் கட்டுத்தறியில் எருமைக்கு அடியில் உட்கார்ந்து பால் கறந்துகொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. "வாங்க மாஸ்டர்," என்றார், கறப்பதை நிறுத்தாமல்.

பழக்க தோசம் எளிதில் போகுமா? பாக்கியநாதன் கையை வானத்துக்குத் தூக்கிவிட்டார். "அண்ணா! இந்த மகா பாவி..." என்று கூட்டத்துக் குரலில் ஆரம்பித்ததும் எருமை காலை உதறிற்று.

"மெல்லப் பேசு. சுரப்ப நிறுத்திக்கும்," என்றார் ஆத்தப்பன்.

ஒத்திகை பார்த்ததெல்லாம் அங்கேயே போயிற்று. பாக்கியநாதன் மண்ணில் குத்தவைத்து உட்கார்ந்தார். எருமை பயப்படாத அளவுக்குத்தான் குரல் வந்தது.

"துணிய நான் ஆறப் போடலீங்கண்ணா. சீருக்குப் போயிட்டு வந்து அப்படியே வெட்டிப்போட்டேன். உங்க மேல தப்பே இல்ல. எனக்குத் தெரிஞ்சேதான் உங்க பேரச் சொன்னேன்."

பால் சொம்பில் விழுகிற சத்தம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது. ஆத்தப்பன் கறந்து முடித்தார். கன்றை அவிழ்த்து விட்டார், கையைக் கழுவினார். அந்த நேரத்தில் நாலு அறை விட்டிருந்தாலும் பாக்கியநாதன் வாங்கிக்கொண்டிருப்பார்.

"உள்ள வா," என்றார் ஆத்தப்பன். "எங்க ஊட்டுக்காரிகிட்ட இதை ஒருக்கா சொல்லு. அவளும் என்னைய நம்பல."

இந்த ஒன்றை பாக்கியநாதன் எதிர்பார்க்கவில்லை. வேலை போனது தெரியும். பேர் போனது தெரியும். சொந்த வீட்டிலேயே பொய்யனாக அந்த மனுசன் சோறு தின்றுகொண்டிருந்தது தெரியாது.

உள்ளே ஆத்தப்பன் மனைவி பழனாத்தாள் அடுப்பில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். பாக்கியநாதன் வாசல்படியில் நின்று மறுபடியும் சொன்னார், சொல் ஒன்று கூட்டாமல், ஒன்று குறைக்காமல். அழவும் இல்லை. பழனாத்தாள் அவரைத் திட்டுவாள் என்று நினைத்தார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை. கையிலிருந்த கரண்டியோடு புருசனைத்தான் பார்த்தாள்.

"அத்தன தடவ சொன்னீங்களே," என்றாள். குரல் உடைந்துபோயிற்று. "நான்தானுங்க கேக்காம போயிட்டேன். வெடுக்கு வெடுக்குனு எத்தன பேசியிருக்கேன். வேலையக் கெடுத்தவர்னு எங்கம்மாகிட்டக்கூட..."

"உடு புள்ள," என்றார் ஆத்தப்பன். "பால் பொங்குது பாரு."

அவ்வளவுதான். அவள் சொல்லி முடிக்கக்கூட இல்லை, அதற்குள் முடிந்துவிட்டது. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பாலை இறக்கினாள். ஊர் ஊராகப் போய் மன்னிப்பைப் பற்றிக் கண்ணீரும் கம்பலையுமாகப் பேசியவர், அது நடக்கும்போது எப்படியிருக்கும் என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தார். புருசன் பெண்டாட்டிக்கு நடுவில் தனக்கென்ன வேலை, வந்த காரியத்தைச் சொல்லியாயிற்று என்று சத்தமில்லாமல் படி இறங்கினார்.

"எங்க போற?" என்றார் ஆத்தப்பன்.

"இல்லீங்கண்ணா, நான் கெளம்பறனுங்க. நான் பண்ணுனதுக்கு..."

"உடுன்னு உனக்குஞ் சேத்தித்தான் சொன்னேன். வந்து உக்காரு."

பாக்கியநாதன் திரும்பி வந்து உட்கார்ந்தார்.