ஈரத்துணிக் கடை

ஒரு இடத்தில் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்கார என்னால் முடியாது. "காலுல சக்கரத்தக் கட்டிக்கிட்டே பெறந்திருக்கு" என்பாள் அம்மா. பி.காம். வகுப்பில் இருக்கும்போதும் மனசு மட்டும் எழுந்துபோய் ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொள்ளும். எந்தக் கடையில் கூட்டம், எந்தக் கடையில் ஈ ஓட்டுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கும். படிப்பு, அப்புறம் ஒரு வேலை, அப்புறம் கல்யாணம் என்று வீட்டில் வரிசை போட்டு வைத்திருந்தார்கள். அந்த வரிசையில் நிற்க எனக்குப் பொறுமை இல்லை.

அம்மாவோடு ஒருமுறை ராமேஸ்வரம் போய்விட்டுத் திரும்பும்போதுதான் அந்த யோசனை வந்தது. கடலில் முங்கி, கோயிலுக்குள்ளே இருபத்திரண்டு தீர்த்தத்திலும் வாளி வாளியாகத் தலையில் வாங்கிக்கொண்டு, உடுப்பு மாற்றி, சாமி பார்த்துவிட்டு பஸ் ஏறினோம். நனைந்த சேலையும் பாவாடையும் ஒரு பிளாஸ்டிக் பையில் இருந்தன. பாம்பன் பாலம் தாண்டுவதற்குள் பை ஒழுக ஆரம்பித்து, முன் சீட்டுக்காரர் காலை நனைத்து, படிக்கட்டு வரை தண்ணீர் ஓடியது. கண்டக்டர் வந்து பார்த்தார்.

"ஏம்மா, இருபத்திரண்டு தீர்த்தத்தையும் கையோட கொண்டு வந்துட்டீகளா?"

பஸ்ஸே சிரித்தது. அம்மா வெட்கத்தில் முந்தானையைக் கடித்துக்கொண்டாள். நான் சிரிக்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். பஸ்ஸில் பாதிப் பேர் மடியிலோ காலடியிலோ இதே மாதிரி ஒரு பை இருந்தது. அவ்வளவு பேருடைய ஈரத்தையும் யாராவது அங்கேயே பிழிந்து கொடுத்தால் என்ன?

மறுநாள் இதை வகுப்புத் தோழியிடம் சொன்னேன். பெரியபட்டினத்து முஸ்லிம் வீட்டுப் பெண். அவளுடைய காக்கா, அதாவது அண்ணன், பழைய வாஷிங் மெஷின்களை வாங்கிப் பழுது பார்த்து விற்பவர். துவைக்கிற பக்கம் செத்துப்போய், பிழிகிற பக்கம் மட்டும் உயிரோடு இருந்த ஒரு மெஷின் அவரிடம் கிடந்தது. அதைத் தள்ளிவிட ஆள் கிடைத்த சந்தோஷத்தில் சும்மாவே கொடுத்துவிட்டார். ராமேஸ்வரம் கிழக்குக் கோபுரத்துக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு காலத்தில் எஸ்.டி.டி. பூத்தாக இருந்த சின்ன அறை, சனி ஞாயிறுக்கு மட்டும் வாடகைக்குக் கிடைத்தது. இடம் ரெடி, மெஷின் ரெடி. வீட்டில் மட்டும் சொல்லவில்லை.

சொல்லிப் பார்க்காமல் இல்லை. ஒரு நாள் சாப்பிடும்போது, யாரோ ஒருத்தி செய்கிற மாதிரி அய்யாவிடம் எடுத்துவிட்டேன். எங்கள் ஊரில் அப்பாவை அய்யா என்றுதான் கூப்பிடுவோம். அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு, "அடுத்தவன் ஈரத்துணியப் பிழியிறது ஒரு தொழிலா?" என்றார். "நம்ம வீட்டுத் துணியவே வாசலுக்கு வந்து வாங்கிட்டுப் போயி வெளுத்துக் கொண்டாந்தாக. அந்தப் பொழப்பு வேணாமின்னுதான் அவுக பிள்ளைகளே டவுனுக்குப் போயிட்டாக. இதப் போயி எவளாச்சும் தேடிப் போயிப் பண்ணுவாளா?"

வாசலோடு நின்று துணி வாங்கிப் போனவர்களை நான் பார்த்ததில்லை. அவர் பார்த்தவர். நாலு ஏக்கர் மிளகாய்க் காடும் ஊரில் ஒரு பேரும் வைத்திருப்பவர். அந்தப் பேருக்கு என்ன அர்த்தம் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. தெரிந்தால் கடையும் போகும், காலேஜும் போகும். வீட்டில் உட்கார வைத்துவிடுவார். எனக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. அதனால் சனி ஞாயிறு ராமநாதபுரத்தில் டேலி கம்ப்யூட்டர் கிளாஸ் என்று சொன்னேன். அவரும் சந்தோஷமாக மோட்டார் சைக்கிளில் மூன்று கிலோமீட்டர் கூட்டிப்போய் மெயின் ரோட்டில் பஸ் ஏற்றிவிடுவார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறேன் என்று தெரியும். பஸ்ஸில் ஏறியதும் அதை மறந்துவிடுவேன், அதுதான் என் குணம்.

ஒரு வாளித் துணி முப்பது ரூபாய், ஐந்து நிமிஷம். முதல் நாள் வாசலில் நின்று நான்தான் கூவினேன். வடநாட்டுக்காரர்கள் நிறைய வருவார்கள் என்று தோழி இந்தியில் ரெண்டு வார்த்தை கற்றுக் கொடுத்திருந்தாள். "கப்டா சூக்கா! கப்டா சூக்கா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். மதுரைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று நின்று என்னை மேலும் கீழும் பார்த்தது. "ஏம்மா, கோயில் வாசல்ல வச்சா மட்டன் சுக்கா விக்கிற?" என்று அந்த அம்மா சண்டைக்கே வந்துவிட்டார். இந்தியில் கப்டா என்றால் துணி, சூக்கா என்றால் காய்ந்தது என்று புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. தோழி உள்ளே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கடைசியில் அந்தக் குடும்பம்தான் எங்கள் முதல் வாளி.

மெஷின் லேசுப்பட்டது இல்லை. துணியைச் சமமாகப் பரப்பாமல் போட்டால் தடதடவென்று ஆடி, இடத்தை விட்டே நகரும். அப்போது ஓடிப்போய் இரண்டு கையாலும் மூடியை அமுக்கிப் பிடிக்க வேண்டும். விட்டால் வாசலைத் தாண்டிப் போய்விடும். சேலைக்குள்ளிருந்து கடல் மணல் கொட்டும். உப்புத் தண்ணீர் பட்டு இரண்டே மாதத்தில் அடிப்பக்கம் துரு ஏறியது. சாயம் போகும் சுங்குடிச் சேலையை வெள்ளை வேட்டியோடு போட்டு ஒருவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆனாலும் சுற்றிச் சுற்றி நின்று, கத்தி, பிழிந்து, உதறி, மடித்துக் கொடுக்கிற அந்த இரண்டு நாளும்தான் எனக்கு வாரத்தில் மூச்சு வந்தது.

பெரிய பிரச்சினை வேறு பக்கத்திலிருந்து வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளை வரம் வேண்டி வந்த ஒரு ஜோடி துணியைக் கொடுத்தது. கூட வந்த மாமியார், மெஷினுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இதுக்கு முன்னாடி இதுல யார் துணியப் போட்ட?"

அஸ்தி கரைக்க வந்தவர்களுடையது என்று வாய்தவறி உண்மையைச் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், சந்து அதிர்ந்தது. எழவு வீட்டுத் துணி கிடந்த இடத்தில் என் மருமகள் சேலையா என்று அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டார். எனக்குச் சுள்ளென்று கோபம். "தண்ணிதானம்மா அது, அதுல என்ன பேரா எழுதியிருக்கு?" என்று பதிலுக்கு எகிறினேன். தோழி என் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். பக்கத்துக் கடையில் சொல்லி ஒரு சொம்பு தீர்த்தம் வாங்கிவரச் செய்து, அதை மெஷினுக்குள் ஊற்றி, வெறுமனே ஒரு நிமிஷம் சுற்றவிட்டாள். மாமியார் முகம் தெளிந்தது. துணியைத் தானே எடுத்து உள்ளே போட்டார்.

"நான் பெரியபட்டினத்துப் பிள்ளைன்னு தெரிஞ்சிருந்தா ரெண்டு சொம்பு கேட்டிருக்கும்" என்றாள் தோழி, அவர்கள் போன பிறகு. அவளால் சிரிக்க முடிந்தது. எனக்கு அன்றைக்கு முழுவதும் கோபம் ஆறவில்லை. அந்த மாமியார்மேல் இல்லை. அவர் நின்ற இடத்தில் அய்யா நின்றிருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பார், அதை நினைத்துத்தான்.

அந்த வருஷம் ஆடி அமாவாசை ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. ராமேஸ்வரம் நிரம்பி வழியும். கடை திறக்காமல் இருக்க முடியுமா? அய்யா ஆண்டுதோறும் தாத்தாவுக்குத் தர்ப்பணம் கொடுக்கச் சேதுக்கரைக்குத்தான் போவார். அந்தத் தைரியத்தில் வந்திருந்தேன். பத்து மணிக்கெல்லாம் சந்தில் வரிசை வளைந்து போனது. ஆடிக்காற்று மணலை வாரி அடித்ததால் துப்பட்டாவை முகத்தைச் சுற்றிக் கட்டியிருந்தேன்.

வாளியை வைத்துவிட்டு ஒருவர், "பத்து வேட்டி இருக்கு, எங்க மிளகாய் மண்டியில சேந்து வேன் புடிச்சு வந்தோம்" என்றார். அய்யா மிளகாய் விற்கிற மண்டியோ என்று நிமிர்ந்தேன். அவருக்குப் பின்னால் நாலைந்து பேர் நின்றார்கள். எல்லாம் சுற்றுவட்டாரத்தில் மிளகாய் போடும் சம்சாரிகள். எங்கள் ஊர்க்காரர் யாரும் இல்லை, ஒருவரைத் தவிர. தலையில் ஈரம் சொட்ட அய்யா நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவசரத்தில் வேட்டிகளை ஒரே பக்கமாகத் திணித்துவிட்டேன். தோழி பின்பக்கம் அடுத்த வாளியோடு இருந்தாள். மெஷின் சுற்ற ஆரம்பித்ததும் ஆட ஆரம்பித்தது. விட முடியாது, இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தேன். துப்பட்டா நழுவி இறங்கியது. அதை இழுத்துவிட மூன்றாவது கை இல்லை. சத்தம் கேட்டு அய்யா திரும்பினார்.

அந்த ஐந்து நிமிஷத்தைப்போல் நீளமாக ஒன்றை நான் பார்த்ததில்லை. அவர் என்னைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். அதற்கு அடியில் மற்றவர்கள் வேட்டியோடு அவருடைய வேட்டியும் சுற்றிக்கொண்டிருந்தது. அடிப்பார், கத்துவார் என்று உடம்பு முழுவதையும் இறுக்கிக்கொண்டு நின்றேன். மெஷின் நின்றது. ஒவ்வொன்றாக உதறி மடித்துக் கொடுத்தேன். மண்டிக்காரர் பையைத் துழாவும்போது அய்யா அவரைத் தடுத்து, தானே முன்னால் வந்தார்.

"எவ்வளவுங்க?" என்றார்.

பேங்க் கவுண்டரில் இருப்பவர்களிடம் அவர் போடும் 'ங்க' அது. என்னை இருபது வருஷமாக 'ஏத்தா' என்று தவிர வேறு மாதிரி கூப்பிட்டதில்லை. பத்துப் பேர் முன்னால் என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கத்தான் அப்படிக் கேட்டாரா, மகள் என்று சொல்லக் கூசினாரா, இன்றுவரை தெரியவில்லை. அந்த நிமிஷம் எனக்கு அழுகை முட்டியது. கோபமும் அதே அளவுக்கு முட்டியது. தொகையைச் சொல்லவில்லை.

"அய்யா, சாப்ட்டீகளா?" என்று கேட்டேன்.

மண்டிக்காரர் சிரித்தார். "பாருய்யா, வந்தவுகள எல்லாம் அய்யான்னு மரியாதையாக் கூப்பிட்டு, சாப்ட்டீகளான்னும் கேக்குது. பொழச்சுக்கிரும் இந்தப் புள்ள."

அமாவாசை அன்றைக்கு வீட்டுக்கு வந்து காக்கைக்கு வைக்காமல் அய்யா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். அது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும்.

"சாப்ட்டாச்சுங்க" என்று சொல்லி நூறு ரூபாயை மெஷின் மூடிமேல் வைத்துவிட்டுப் போனார். மீதியை வாங்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனேன், என்ன நடந்தாலும் நடக்கட்டும் என்று. ஒன்றும் நடக்கவில்லை. டிவியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். கொல்லையில் அந்த வேட்டி கொடியில் தொங்கியது, சொட்டச் சொட்ட. நான் பிழிந்து மடித்துக் கொடுத்த வேட்டியை மறுபடி நனைத்துக் காயப்போட்டிருந்தார். அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. கொடியடியில் நின்று சத்தம் வராமல் அழுதேன். அம்மா அடுப்படியிலிருந்து பார்த்தாள்.

அந்த வாரம் முழுவதும் அவர் எதுவுமே பேசாதது என்னைப் பாடாய்ப் படுத்தியது. புத்தகத்தைத் திறப்பேன், மூடுவேன். வாசலுக்குப் போவேன், வருவேன். சனிக்கிழமை காலையில் மோட்டார் சைக்கிளை வெளியே எடுத்து நிறுத்தி, சீட்டைத் துடைத்துக்கொண்டே கூப்பிட்டார்.

"ஏத்தா, கிளாசுக்கு நேரமாகலையா?"

அதுவரை அந்தப் பொய் என்னுடையதாக இருந்தது. இப்போது அவர் அதை வாங்கிக்கொள்ளப் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டு ஏறி உட்கார்ந்திருந்தால் இன்னும் பல வருஷம் ஓட்டியிருக்கலாம், இரண்டு பேருமே. ஆனால் 'சாப்ட்டாச்சுங்க' காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. இனி ஒரு தடவை அந்த 'ங்க'வைக் கேட்க என்னால் முடியாது.

"கிளாசுக்கு இல்லய்யா. கடைக்குப் போறேன்."

துடைத்த துணி சீட்டின்மேல் நின்றது. பிறகு சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"கிளாசுக்குன்னா கொண்டாந்து விடுவேன். கடைக்குன்னா நடந்து போ."

உள்ளே போய்விட்டார். நான் நடந்தேன். விதைக்காத வெறுங்காட்டு வழியே, செருப்பு வார் அறுந்துவிடும் வேகத்தில், வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிக்கொண்டே நடந்தேன். கண்மாய்க் கரையேறி மெயின் ரோடு கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் உறைத்தது. நடந்து போ என்றாரே தவிர, போகாதே என்று அவர் சொல்லவில்லை. தூரத்தில் பஸ் வந்துகொண்டிருந்தது. ஓடினேன்.