வெங்காயக் கூடையின் மேல் தட்டு

கரையான்சாவடியில் எங்கள் தெருவுக்குப் புது ரோடு போடும்போதெல்லாம் வீடு ஒரு சாண் கீழே போகும். இப்போது மழை வந்தால் வாசல் தோட்டத்தில் மூன்று நாள் தண்ணீர் நிற்கிறது. தோட்டம் என்றால் சுவரோரம் ஆறு சிவப்பு லில்லி, அவ்வளவுதான். வெயில் காலத்தில் ஒற்றைத் தண்டு எழும்பி, உச்சியில் நான்கு பூ விரியும். ஈரம் நின்றால் கிழங்கு அழுகிவிடும். அதனால் பெருமழைக்கு முன்பே தோண்டி, வேரையும் இலையையும் நறுக்கி, மண்ணைத் துடைத்து, காற்றோட்டமாக உலர வைப்பேன். முந்தின வருஷம் பரணில் வைத்து இரண்டில் பூஞ்சை பிடித்துவிட்டது. இந்த முறை சமையலறையில் தொங்கும் கம்பிக் கூடையில் வைத்தேன். மேல் தட்டில் கிழங்கு, கீழ்த் தட்டில் வெங்காயம். அந்தப் புத்திசாலித்தனத்தைக் கணவரிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தேன்.

என் மகள் வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். வாசலில் கையேந்தி பவன், உள்ளே கேண்டீன். இரண்டிலும் சாப்பிடக் கூடாது என்பது என் சட்டம். என்ன எண்ணெயோ, என்ன தண்ணீரோ என்று எனக்குத் தினமும் பயம். ஐந்தரைக்கு எழுந்து டப்பா கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் அம்பத்தூருக்கு வேலைக்குக் கிளம்புவேன்.

அன்று காலை மழை இருட்டு. ஜலதோஷத்தில் எனக்கு மூக்கு அடைத்திருந்தது. அவள் டப்பாவுக்கு மட்டும் செய்யும் உருளைக்கிழங்கு வறுவலுக்குக் கீழ்த் தட்டில் ஒரு வெங்காயம்தான் இருந்தது. போதாது என்று கை தானாக மேலே போயிற்று. அதே பழுப்புத் தோல், உள்ளே அதே அடுக்கு. நறுக்கும்போது கண் எரியவில்லை. நல்ல வெங்காயம் என்று நினைத்துக்கொண்டேன்.

மதியம் போன் வந்தது.

“அம்மா, வறுவல் ஒரு மாதிரி கசக்குதும்மா.”

“மசாலா தீஞ்சிருக்கும். சாப்பிடு.”

“கேண்டீன்ல ஒரே ஒரு தோசை...”

“நான் விடியக்காலைல எழுந்து செஞ்சது தொண்டைல இறங்காதா? கொட்டிப் பாரு, அப்புறம் இருக்கு உனக்கு.”

அவள் கொட்டவில்லை.

மூன்று மணிக்கு அவள் தோழி அழைத்தாள். பூந்தமல்லியில் ஒரு மருத்துவமனைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது, மகள் வாளியில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். உதடு வெளுத்திருந்தது. “வெளிய என்னடி தின்னே?” என்றுதான் முதலில் கேட்டேன்.

“ஒண்ணும் இல்லம்மா. நீ குடுத்ததுதான்.”

நம்பவில்லை. டாக்டரிடமும் கையேந்தி பவன் என்றே சொன்னேன். தோழி குறுக்கிட்டாள். “இல்ல ஆன்ட்டி. கசக்குதுன்னு சொல்லிக்கிட்டே அந்த டப்பாவைத்தான் காலி பண்ணா.”

கண் எரியாத அந்த வெங்காயம் அப்போதுதான் ஞாபகம் வந்தது. வீட்டில் இருந்த கணவரை அழைத்து மேல் தட்டை எண்ணச் சொன்னேன். ஐந்து என்றார். நான் வைத்தது ஆறு.

டாக்டரிடம் சொன்னபோது அவர் தலையை நிமிர்த்தாமல் எழுதிக்கொண்டார். வாளியை எடுக்க வந்த ஆயாம்மா விடவில்லை. “இன்னாமா, படிச்சவங்களாட்டம் கீறீங்க. பூச்செடி எது, வெங்காயம் எதுன்னு தெரியாதா?”

இரண்டு நாள் டிரிப்ஸ் ஏறியது. பிழைத்துவிட்டாளே என்று எல்லோரும் தேற்றுகிறார்கள். கசக்கிறது என்று சொல்லியும், எனக்குப் பயந்து கடைசித் துண்டு வரை அவள் மென்று விழுங்கியதை நான் யாரிடம் சொல்லித் தேற்றிக்கொள்வது?

வீடு திரும்பியதும் மீதிக் கிழங்குகளைக் குப்பை வண்டியில் போட எடுத்தேன். மகள் பிடுங்கிக்கொண்டாள். “அது என்னம்மா பண்ணுச்சு? அது பாட்டுக்குக் காஞ்சிக்கிட்டு இருந்துச்சு.”

மழை விட்டதும் அவளே நட்டாள், கிழங்கின் கழுத்து மண்ணுக்கு மேலே தெரியும்படி. சித்திரையில் மூன்று பூத்தன. நான் அந்தச் சுவர்ப் பக்கம் போவதில்லை.

இப்போது அவள் மதியம் கேண்டீனில் சாப்பிடுகிறாள். என்ன எண்ணெய் என்று நான் கேட்பதில்லை. வீட்டில் சாப்பிடும்போது, முதல் கவளத்தை நாக்கு நுனியில் வைத்துக் கொஞ்சம் நிற்கிறாள். அப்படிச் செய்வது அவளுக்கே தெரியாது என்று நினைக்கிறேன். நானும் கரண்டியைப் பிடித்தபடி நிற்கிறேன். அவள் விழுங்கிய பிறகுதான் அடுத்த கரண்டி போடுகிறேன்.