மாதாவை நேராக்கப் போய் ஸ்டியரிங் கோணிய கதை

எங்கள் மாதா கோயில் திருவிழாவில் தேரைச் சுமக்க இந்த வருஷம் என் பிக்கப்பைக் கேட்டிருந்தார்கள். போன வருஷம் வரை ஒரு டிராக்டர்தான் சுமந்தது. ஜெபமாலை சொல்கிறவர்களின் சத்தத்தையும் மீறி அது வழியெல்லாம் இருமும். சரிங்க என்று தலையாட்டிவிட்டு வந்தவன் அன்றைக்கே கவலைப்பட ஆரம்பித்தேன். டயர் வெடித்தால்? தேர் ஒரு பக்கம் இழுத்தால்? முன்டயர் இரண்டையும் மாற்றி, வீல் அலைன்மெண்ட் பார்க்க உக்கடம் பக்கம் ஒரு பாயிடம் போனேன்.

டயரைத் தொடும் முன் பாய் ஸ்டியரிங்கை அசையாமல் முட்டுக் கொடுக்கப் போனார். அங்கேதான் நான் வாயைத் திறந்தேன். ஸ்டியரிங்கின் நட்டநடுவில் ஒரு மாதா படம் ஒட்டியிருந்தது. வண்டி வாங்கிய அன்று கோயில் வாசலில் நிறுத்தி நானே ஒட்டியது. நேர்ரோட்டில் போகும்போது மாதா கொஞ்சம் இடதுபக்கம் சாய்ந்தே வருவார். மூன்று வருஷமாக அதை வண்டியின் கோளாறு என்றே நம்பியிருந்தேன்.

"பாய், மாதா நேரா இருக்கோணுங்க. எனக்கு அது ஒண்ணு போதும்."

பாய் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஸ்டியரிங்கைக் கொஞ்சம் வலதுபக்கம் திருப்பி முட்டுக் கொடுத்து, சக்கரங்களை நேராக்கினார்.

திரும்பி வரும்போது மாதா ஆணி அடித்த மாதிரி நேராக இருந்தார். ஸ்டியரிங்தான் கோணிக்கொண்டது. வண்டி நேராகப் போக, என் கைகள் மட்டும் வலதுபக்கச் சந்துக்குள் நுழைந்துகொண்டிருந்தன. வலது இண்டிகேட்டரைப் போட்டால் திரும்பி முடித்தும் அணையவில்லை. வெகுதூரம் பின்னாலேயே வந்த ஸ்கூட்டர்க்கார அம்மா பக்கத்தில் வந்து, "ஏனுங்க, எப்பத்தான் திரும்புவீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் மகளின் ஜியாமெட்ரி பாக்ஸை எடுத்துக்கொண்டு போய் வண்டியில் உட்கார்ந்தேன். பாகைமானியைக் கையில் கொடுத்த வருஷமே பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவன் நான். எந்தப் பக்கத்திலிருந்து எண்ண வேண்டும் என்று தெரியவில்லை. வாசலில் நின்று பார்த்த என் மனைவி, "வண்டி நேராத்தானுங்க போகுது? நேராப் போனாலும் உங்களுக்குப் பயமா?" என்றாள்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. தேர்க் கமிட்டித் தலைவர் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வண்டியில் ஏறி ஒரு சுற்று வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். பிடிக்காவிட்டால் பழையபடி டிராக்டர்தான். முப்பது வருஷம் மில்லில் சூப்பர்வைசராக இருந்தவர். மூன்று வரிசை தள்ளி இழை அறுந்தாலும் இங்கிருந்தே கண்டுபிடிக்கிற கண் அவருக்கு.

சனிக்கிழமை காலையிலேயே பாயிடம் போய் நின்றேன். நான் கொட்டித் தீர்க்கும் வரை அவர் டீயைக் குடித்து முடித்தார்.

"நீங்கதானுங்க மாதாவ நேரா வெக்கச் சொன்னீங்க. வெச்சுட்டேன்."

"அப்ப ஸ்டியரிங்குங்க?"

"அதப் பத்தி நீங்க ஒண்ணுமே சொல்லலீங்களே." டம்ளரைக் கீழே வைத்தார். "படம் ஒட்டறப்ப சக்கரம் எப்புடி நின்னுச்சுங்க?"

யோசித்துப் பார்த்தேன். அன்று கோயில் வாசலில் இரண்டு காருக்கு நடுவே வண்டியை ஒடித்து நுழைத்திருந்தேன். ஸ்டியரிங் வலதுபக்கம் லேசாகத் திரும்பி நின்றது. அப்படியே வைத்துக்கொண்டு, என் கண்ணுக்கு நேராகப் படத்தை ஒட்டியிருக்கிறேன். வண்டிக்கு ஒரு கோளாறும் இல்லை.

அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்றேன்.

"சாமி காரியமுங்க. கோணலா ஒட்டிப்போட்டீங்கன்னு நாஞ்சொன்னா நல்லாவா இருக்கும்?"

திருவிழா நெருங்கும் நேரத்தில் மாதாவை நகத்தால் சுரண்டி எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. பாய் வண்டிக்கு அடியில் போனார். இரண்டு பக்கமும் சக்கரத்தை ஸ்டியரிங்கோடு இணைக்கும் டை ராடைத் தளர்த்தி, ஒரு பக்கம் நீளத்தை எவ்வளவு குறைத்தாரோ மறுபக்கம் அவ்வளவு கூட்டினார். சக்கரங்கள் பழைய நேரிலேயே நிற்க, ஸ்டியரிங் மட்டும் நடுவுக்கு வந்து சேர்ந்தது. மாதா பழையபடி இடதுபக்கம் சாய்ந்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை தலைவர் வெற்றிலையை மென்றுகொண்டே ஏறி என் இடதுபக்கம் உட்கார்ந்தார். படம் அவர் கண்ணில் படாமல் உள்ளங்கையால் அமுக்கி மறைத்தேன். அதற்கு அடியில்தான் ஹாரன் இருக்கிறது என்பது அலறிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. பூசை முடிந்து படியிறங்கிக்கொண்டிருந்த சனம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. கையை எடுத்தேன். அவர் பார்த்துவிட்டார்.

"ஏப்பா, மாதா ஏன் இந்தப் பக்கமா சாஞ்சிருக்காங்க? அலைன்மெண்ட் பாக்கலியா?"

எனக்கு டிராக்டர் இருமுவது காதிலேயே கேட்டது. வாய் மட்டும் தன்பாட்டுக்குப் பேசியது.

"அதெல்லாம் நேத்தே பாத்தாச்சுங்க. மாதா எப்பவுமே அந்தப் பக்கம் உக்காறவங்களப் பாத்துட்டேதானுங்க வருவாங்க."

அவர் படத்தை இன்னொரு முறை பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே துப்பக் குவித்த வாயை மூடி விழுங்கினார். விரித்திருந்த கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டார். அந்தச் சுற்று முழுவதும் வண்டியின் ஓட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கோயில் வாசலில் இறங்கிய பிறகுதான் பேசினார். "டிராக்டருக்காரருகிட்ட வேண்டாம்னு சொல்லீர்றேன். திருவிழா அன்னைக்கு நான் தேருக்குப் பின்னால நடந்தே வாரேன். உள்ள வேற ஆராச்சும் உக்காரட்டும்."

மாதா பார்க்கிற விஷயம் திருவிழாவுக்குள் கமிட்டி முழுவதும் பரவியிருந்தது. தேர் கிளம்பும்போது அந்த இடத்தில் உட்கார ஒருவரும் வரவில்லை. மெழுகுவர்த்திப் பெட்டியை வைத்து ஓட்டினேன்.